எதிர் மரை

அத்தியாயம் ஒன்பது

ராக்கன் அந்த இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே தொங்கினான். இரண்டு காலும் தரையில் இல்லை. ஸ்பேனரின் பிடியில் பைப்பைச் செருகி நீளமாக்கி, அதன் முனையில் தன் உடம்பு முழுவதையும் ஏற்றியிருந்தான். காரின் பின்பக்கம் முனகியது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கருங்கல் மண்ணுக்குள் இறங்கியது. நட்டு மட்டும் இம்மியும் அசையவில்லை.

"சார்," என்றான் மூச்சு வாங்க, "இதுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் பார்த்துக் கொடுத்துடலாம். எவ்வளவு தள்ளினாலும் எடத்தை விட்டு நகர மாட்டேங்குது."

துப்பறியும் மீரா சாகிபு சிரிக்கவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு, கீழ ராஜ வீதியில் ஒரு மாடியறை பிடித்துத் தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கியவர் அவர். ராக்கன் அவருடைய உதவியாள். அதற்கு முன் பஸ் கண்டக்டராக இருந்தான். டிக்கெட் கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்தபடி பிரகதாம்பாள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிமளத்தில் அவளைப் பைத்தியம் என்று சொல்லாத ஆள் கிடையாது. புருஷனைக் கொன்ற காரையே, கழுத்தில் காதில் கிடந்ததை விற்று ஏலத்தில் எடுத்து, மாட்டை வெளியே கட்டிவிட்டு அதைக் கொட்டகைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறவளை வேறு என்னவென்று சொல்வார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் நார்த்தாமலைப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போது இந்தக் கருப்புச் சீமைக் கார் திடீரென்று வலது பக்கம் திரும்பிக் கண்மாய்க்குள் பாய்ந்தது. ஓட்டிப் போன திருப்பதி உள்ளேயே செத்துப்போனான். வண்டியை இழுத்து வெளியே போட்டபோது சீட்டுக்கடியில் ஒரு சாராய பாட்டில் கிடைத்தது. மதுவிலக்கு அமலில் இருந்த நேரம். காரின் சொந்தக்காரர், அரிசி மில் முதலாளி அழகுமலை, கோர்ட்டில் கூண்டேறி, "அவன் காலையிலேயே குடிச்சிருந்தான்" என்று சத்தியம் செய்தார். அத்தோடு விசாரணை முடிந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பட்டம் மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

திருப்பதி சுருட்டுகூடப் பிடிக்காதவன்.

அன்றையிலிருந்து அவள் ஒரே ஒரு ஆசையோடுதான் சோறு தின்றாள். அழகுமலை சாக வேண்டும். சட்டம் கொன்றாலும் சரி, கொட்டகைக் கூரையில் அவள் செருகி வைத்திருக்கும் அரிவாள் கொன்றாலும் சரி.

"பாருங்கம்மா," என்று சாகிபு முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார். "பிரேக் ரெண்டு பக்கமும் பிடிச்சா வண்டி நேரா நிக்கும். வலது பக்கம் மட்டும் பிடிச்சா, வலது பக்கம் திரும்பும். ஒங்க புருஷன் ஸ்டீரிங்கத் திருப்பல. இடது சக்கரத்துல பிரேக் பிடிக்கல. ஏன் பிடிக்கலைங்கறது பிரேக் கட்டைய மூடியிருக்குற அந்த இரும்பு டிரம்முக்குள்ளதான் இருக்கு."

வலது பக்கத்து டிரம்மை மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து நேற்றே கழற்றிவிட்டார்கள். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கம்தான் கண்மாய்த் தண்ணீரில் ஊறி, மழையில் நனைந்து, துருவேறி, நடுநட்டு கல்லாய் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றாமல் டிரம்மை இழுக்க வழியில்லை. ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். ராக்கன் தொங்கிப் பார்த்தான்.

சாகிபு குனிந்து, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆக்சில் நுனியைத் துணியால் துடைத்தார். லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பார்த்தபடியே கேட்டார்:

"அம்மா, இந்தச் சக்கரத்த கடைசியாக் கழட்டி மாட்டினது யாரு?"

"அவுகதான். சாகுறதுக்கு மொத நாளு. இடது பக்கத்து ஆக்சில் முறிஞ்சுபோச்சுன்னு திருச்சியில ஏதோ பழைய வண்டியிலேர்ந்து ஒண்ணக் கழட்டி வாங்கியாந்தாக. மில்லுல எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. சோறு கொண்டுபோன நாந்தான் லாந்தரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"எந்தப் பக்கம் திருப்பி முடுக்கினாரு? கண்ண மூடிக்கிட்டு நெனச்சுப் பாருங்க."

அவள் கண்ணை மூடினாள். கிரீஸ் கறுத்த அந்தக் கை தெரிந்தது. முழங்கையில் வழிந்த வேர்வை தெரிந்தது. ஸ்பேனர் இடது பக்கமாக இறங்கியது. அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"'இது எதிர் மரைடி'ன்னாக," என்றாள் மெதுவாக. "'ஊரு ஒலகத்துக்கெல்லாம் கழட்டுற பக்கம்தான் இதுக்கு முடுக்குற பக்கம்'னாக."

ராக்கன் பைப்பைக் கீழே போட்டான். "அப்ப காலையிலேர்ந்து நான் கழட்டல, முடுக்கிக்கிட்டு இருந்தேனா? சார், என் கூலியில பாதியத் திருப்பிக் கொடுத்துடுறேன்."

"எதிர் மரைதான். நுனியில திருகு ஓடுற பக்கத்துலயே தெரியுது," என்று சாகிபு எழுந்தார். அவர் முகம் மாறியிருந்தது. "இது வேற யாருக்கும்மா தெரியும்?"

"அவுகளுக்கும் எனக்கும்தான். அத வித்த திருச்சிக்காரனுக்கு அது எந்த வண்டிக்குன்னே தெரியாது. மாட்டி முடிச்சு, ஷெட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டோம். விடியக்காலம் போனவுகதான்."

"பெரிய மொதலாளி அன்னைக்கு எங்க இருந்தாரு?"

"மில்லுக்குப் பின்னாடி இருக்குற வீட்லதான். விடியக்காலம் திருச்சிக்குப் போகணும்னு வண்டியில ஏறி ஒக்காந்தவரு, மில்லு எஞ்சின் நின்னுபோச்சுன்னு எறங்கிட்டாரு. அவுகள மட்டும் சாமான் வாங்கப் போகச் சொன்னாரு. ஏன் எறங்கினாரு? நீங்களே சொல்லுங்க, ஏன் எறங்கினாரு?"

அந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்தது அழகுமலையின் தம்பி ரெங்கராஜ். சின்ன முதலாளி நல்ல மனுஷன். அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று வந்து பார்க்கும் ஒரே ஆள். 'தங்கச்சி, அண்ணன் நெல்லப் பதுக்கினது திருப்பதிக்குத் தெரியும். அதான் தீர்த்துட்டாரு' என்று கண்ணீர் விட்டவன். ஏலத்தில் அந்தக் காரை விட்டுவிடாதே என்றதும், புதுக்கோட்டையில் மீரா சாகிபு என்று ஒருத்தர் இருக்கிறார் என்றதும் அவன்தான்.

"சின்ன மொதலாளி?"

"அவரு அப்ப ஒரு வாரமா மதுரையில. சாவு சேதி கேட்டுத்தான் வந்தாரு. கோர்ட்லயும் அதத்தானே சொன்னாரு."

சாகிபு தலையாட்டினார். "நீங்க வீட்டுக்கு வந்ததுக்கும் விடியறதுக்கும் நடுவுல ஒருத்தன் இந்தச் சக்கரத்தத் தெறந்திருக்கான். மொதல்ல ராக்கன் மாதிரி தப்பான பக்கம் இழுத்திருப்பான். வராது. அப்புறம் மாத்தி இழுத்திருப்பான். அப்படிக் கை கத்துக்கிட்டத ஜென்மத்துக்கும் மறக்காது. ராக்கா, நட்டுமேல மண்ணப் பூசு. நம்ம இன்னும் எதையும் கண்டுபிடிக்கல."

"மண்ணு பூசுறதுல நான் கெட்டிக்காரன் சார். கண்டுபிடிக்காம இருக்குறது அதவிட நல்லா வரும்."

"பெரிய மொதலாளி கையில அந்த ஸ்பேனரக் கொடுங்க," என்றாள் பிரகதாம்பாள். "எனக்கு அது போதும்."

பிற்பகல் வெயிலில் கொட்டகைக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள். 'கடைசிச் சக்கரத்தைத் திறக்கப் போகிறோம், பின்னால் யாரும் குறை சொல்லாமல் இருக்கப் பழைய சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று ராக்கன் மில்லுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அழகுமலை கறுத்த முகத்தோடு வந்து நின்றார். அவள் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை. ரெங்கராஜ் வெள்ளைச் சில்க் ஜிப்பாவில், குடையை விரித்துப் பிடித்தபடி வந்தான். நேராக அவளிடம் போய், "தைரியமா இரு தங்கச்சி. இன்னிக்கு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடும்," என்றான் தாழ்ந்த குரலில். வேலிக்கு வெளியே அக்கம்பக்கத்தார் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

திருமயத்திலிருந்து வந்திருந்த கருப்பன் என்ற மெக்கானிக் முதலில் பைப்பைப் பிடித்தார். ஆள் எருமைக்கடா மாதிரி. வழக்கமாகக் கழற்றுகிற பக்கம், இடது பக்கமாக, இழுத்தார். நட்டு மசியவில்லை.

"மொதலாளி, ஒரு கை கொடுக்குறீங்களா?" என்றான் ராக்கன். "பழைய எஜமான் கை பட்டா எறங்கி வருதான்னு பார்ப்போம்."

அழகுமலை துண்டை இடுப்பில் கட்டினார். "என்மேல பழி கெடக்கு. நானே தெறக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் பைப்பைப் பற்றினார்.

பிரகதாம்பாள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அந்தக் கை எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு என்று மனசுக்குள் அலறினாள். கூரையில் அரிவாள் எட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் இடது பக்கமாக இழுத்தார்.

நடிக்கிறான் என்று நினைத்தாள். ஆனால் அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளங்கை கிழிந்து பைப்பில் ரத்தம் பட்டது. அப்போதும் இடது பக்கமாகவே இழுத்து, இழுத்து, கடைசியில் முழங்கால் மடிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷம் அவளுக்கு மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது.

"சின்ன மொதலாளி?" என்று ராக்கன் பைப்பை நீட்டினான்.

"அட போப்பா!" என்று ரெங்கராஜ் சிரித்தான். "எனக்கு ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. எல்லாம் டிரைவர் பார்த்துக்குவான்."

சாகிபு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அவ்வளவுதாம்மா. நட்டு வராது. நெருப்பு வச்சுச் சுட்டா உள்ள இருக்குறது எரிஞ்சுபோயிரும். அறுத்து எடுத்தா நாமளே ஏதோ செஞ்சுட்டோம்பாக கோர்ட்ல. இனிமே இதுல ஒண்ணும் ஆகாது. கேச மூடிடுறேன். ராக்கா, சாயங்கால பஸ்ஸுக்கு எடம் பிடி."

"ரெண்டு சீட்டா சார்? இல்ல, என் இடுப்புக்கு ஒண்ணு தனியாவா?"

பிரகதாம்பாளுக்கே ஒரு நொடி திக்கென்றது. அதைவிட அதிகமாகப் பதறியது ரெங்கராஜ்.

"என்ன சாகிபு இது! இம்புட்டுத் தூரம் வந்துட்டு? உள்ள என்ன இருக்குன்னு பார்க்காமலே விட்டுட்டுப் போறதா? தங்கச்சி கதி என்ன? செஞ்சவன் தண்டன அனுபவிக்க வேணாமா?" அவன் பார்வை மண்ணில் உட்கார்ந்திருந்த அண்ணன்மேல் போய் வந்தது.

"நான் என்ன தம்பி செய்ய? நட்டு வரலியே."

"எப்படி வரும்? மாடு மாதிரி ஒரே பக்கமா இழுத்தா எப்படி வரும்? வலது பக்கம் திருப்பச் சொல்லுங்க. அது எதிர் மரைதானே…"

வெளியே கட்டியிருந்த மாடு தலையை ஆட்டியதில் மணி கிணுங்கியது.

"எதிர் மரைதான்," என்றார் சாகிபு. "ஸ்பேனரப் பிடிக்கத் தெரியாத ஒங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"அது… திருப்பதி சொல்லியிருக்கான். எப்பவோ ஒரு தடவ."

"இந்த ஆக்சில மாட்டினது அவரு சாகுறதுக்கு மொத நாள் பொழுது சாய. பழைய ஆக்சில் சாதாரண மரை. நீங்க அப்ப ஒரு வாரமா மதுரையில இருந்ததாக் கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்கீங்க. அதுக்கப்புறம் திருப்பதிய நீங்க பார்த்தது பொணமா."

"மதுரையிலேர்ந்தே எட்டிப் பார்த்தீங்களா சார்?" என்றான் ராக்கன். "கழுத்து அம்புட்டு நீளமாத் தெரியலியே. பரவாயில்ல, நீட்டுறதுக்குச் சர்க்கார்ல ஆள் வச்சிருக்காங்க."

ரெங்கராஜின் குடை கீழே விழுந்தது. அவன் வேலிப் பக்கம் திரும்பினான். மெக்கானிக் கருப்பன் அதற்குள் அவன் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிவிட்டார். "திருமயம் ஸ்டேஷன் ஏட்டு," என்றார் அடக்கமாக. "சட்டை கழட்டியிருந்ததால தெரிஞ்சிருக்காது."

அழகுமலை மண்ணிலிருந்தே தம்பியை அண்ணாந்து பார்த்தார். "நான் போகவேண்டிய வண்டிடா அது," என்றார். "என்னையத்தானே… மில்லுக்காகவாடா?"

ரெங்கராஜ் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிரகதாம்பாளுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. அண்ணன் தப்பிவிட்டார், நடுவில் திருப்பதி செத்தான். வேலை பாதியில் நின்றுவிட்டது. மீதியை முடிக்க அவன் அவளைத் தேடி வந்தான். தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டு, கண்ணீர் விட்டு, அவள் வயிற்றெரிச்சலை அணையாமல் ஊதி ஊதி வைத்திருந்தான். சட்டம் அண்ணனைத் தூக்கில் போட்டாலும் அவனுக்கு லாபம். இவள் வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனாலும் அவனுக்கு லாபம். மூன்று வருஷம் அவள் தீட்டியது தன் அரிவாளை அல்ல, அவனுடையதை.

அவள் கை கூரைக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை. வெயிலில் இரும்பு மின்னியபோதுதான் பார்த்தார்கள். ரெங்கராஜின் தொண்டைக்கு ஒரு முழம் தூரத்தில் அவள் நின்றாள். ஏட்டு இரண்டு கையாலும் அவனைப் பிடித்திருந்தார்; தடுக்க மூன்றாவது கை இல்லை.

சாகிபு இருந்த இடத்திலேயே நின்றார். "ஒரே வெட்டுல முடிஞ்சிரும்மா," என்றார். "அது போதுமா ஒங்களுக்கு?"

அவள் ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தாள். மேல் உதட்டில் வேர்வை துளித்திருந்தது. ஜிப்பாவுக்குள் வயிறு நடுங்கியது. இந்த நடுக்கம் ஒரு நொடியில் நின்றுவிடக் கூடாது. கோர்ட்டுக்குப் போகும்போது நடுங்க வேண்டும். கூண்டில் நடுங்க வேண்டும். தீர்ப்புக்கு முந்தின ராத்திரியெல்லாம் நடுங்க வேண்டும்.

"போதாது," என்றாள்.

அரிவாள் மண்ணில் விழுந்தது. "அந்தப் பைப்ப இங்கிட்டுக் கொடுங்க."

ராக்கன் கொடுத்தான். அவள் சேலையை வரிந்து கட்டி, ஸ்பேனரை நட்டில் பொருத்தி, வலது பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. ராக்கன் உதவிக்கு வந்தான். "தொடாதீங்க," என்றாள். இரண்டாவது இழுப்பில் பைப் வளைந்தது. மூன்றாவதில், காலைச் சக்கரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து, மூன்று வருஷத்தையும் அந்த இரும்பின்மேல் சாய்த்தாள்.

வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். வேலிக்கு வெளியே நின்றவர்கள் பின்வாங்கினார்கள். துரு சிவப்புத் தூளாக உதிர்ந்தது. நட்டு சுழன்றது.

பிறகு நட்டைக் கழற்றி, டிரம்மை வெளியே இழுக்கும் புல்லரைப் பூட்டி முடுக்கினார்கள். டிரம் முரண்டு பிடித்து, கீச்சிட்டு, கடைசியில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வெளியே ஒரு விரற்கடைகூடத் துரு ஏறாத இடமில்லை. உள்ளே துரு தொடவே இல்லை. பிரேக் கட்டையிலும் டிரம்மின் உட்சுவரிலும் பிரேக் பிடிக்காமல் வழுக்கும்படி கை நிறைய வாரிப் பூசிய கிரீஸ், நேற்றுப் பூசியது போல் கருப்பாக மினுமினுத்தது.

"அவன் மொகத்த இங்கிட்டுத் திருப்புங்க," என்றாள் ஏட்டிடம். "பார்க்கட்டும்."

ஒரு விரலால் கிரீஸை வழித்தாள். நடந்து போய், அந்த வெள்ளை ஜிப்பாவின் நெஞ்சில் மேலிருந்து கீழாக இழுத்தாள். "ஒன் சாமான். நீயே வச்சுக்க."

"மிச்சத்த விட்டு வைங்கம்மா," என்றார் சாகிபு. "ஜட்ஜும் பார்க்கணும்."

ரெங்கராஜைக் கூட்டிக்கொண்டு ஏட்டு போனார். வேலியோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரும் கலையவில்லை. அழகுமலை கிழிந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். இப்போதும் அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"அவன் குடிச்சிருந்தான்னு தம்பிதான் சொன்னான். சாவுக்கு வந்தவன் வண்டியில கெடந்த பாட்டிலையும் காட்டினான். நான் நம்பிட்டேன் ஆத்தா. ஒனக்கு என்ன செய்யணும் சொல்லு. வீடு வேணுமா, நெலம் வேணுமா…"

"நீங்க அவுக வாய மோந்து பார்த்தீகளா?"

"இல்ல."

"பார்க்காமலே, அவுக குடிச்சிருந்தாகன்னு ஊரு கேக்கச் சத்தியம் பண்ணுனீக. மூணு வருஷமா என்னையக் குடிகாரன் பொண்டாட்டின்னுதான் கூப்பிடுறாக. அந்தா, வேலிக்கு அங்கிட்டு நிக்கிறவுகதான். எனக்கு வீடும் வேணாம், நெலமும் வேணாம். அங்க நிக்கிறவுக கேக்க நெசத்தச் சொல்லுங்க."

அழகுமலை வேலியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "திருப்பதி குடிக்கல," என்றார். பக்கத்தில் நின்ற ராக்கனுக்கே பாதிதான் காதில் விழுந்தது.

"சத்தமா."

"திருப்பதி குடிக்கல. நான் சொன்னது பொய்."

"கோர்ட்ல சொன்ன மாதிரி."

மில் முதலாளி அழகுமலை மார்பு நிறைய மூச்சை இழுத்தார். வெயிலில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், தன் வாழ்நாளில் யாருக்கும் குனியாத தலையைக் குனிந்துகொண்டு, கத்தினார். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

பிரகதாம்பாள் கிரீஸ் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ," என்றாள்.